குதிரையைப் பார்க்கப் போனோம்



சித்திரை மாதம் நெருங்கினால் போதும், எங்கள் மலைநாட்டுச் சகோதரிகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "நுவரெலியா சீசனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். குதிரை ரேஸும் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். போகலாமா, கூடாதா?"

ஒரே வரியில் பதில் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியால் யாருக்கும் பெரிய பயன் இருக்காது. நாங்களும் சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு அந்த ரேஸைப் பார்க்கப் போனவர்கள்தாம். போகும்போது எங்கள் வேனில் இருந்த சிரிப்பு, திரும்பும்போது இருக்கவில்லை. அதற்குக் குதிரை காரணமல்ல. என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

குடும்பத்துக் குறையை ஊரறியச் சொல்லலாமா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. "எழுதுங்க ராத்தா, நாலு பேருக்குப் பிரயோசனப்பட்டா நல்லதுதானே" என்று சொன்னவன் என் தம்பிதான். அந்தக் குறைக்கு உரியவனும் அவன்தான்.

மூடுபனியில் ஒரு பயணம்

ஹட்டனிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். நானும் என் கணவரும் எங்கள் மூன்று பிள்ளைகளும், தம்பியும் அவன் மனைவியும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும். இடியப்பமும் கோழிக் குழம்பும் ஒரு சட்டி, ரொட்டியும் கட்டைச் சம்பலும் ஒரு பொதி, பிளாஸ்கில் தேநீர். நுவரெலியாவின் குளிர் தெரியும் என்பதால் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு கம்பளிச் சட்டை.

கொட்டகலையைத் தாண்டித் தலவாக்கலை வரும்வரை பிள்ளைகள் அருவி பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் டெவன், மறுபக்கம் சென்.கிளேயர். வளைவுக்கு வளைவு தேயிலை மலை. கொழுந்துக் கூடைகளுக்கு அன்று விடுமுறை. நானுஓயாவைத் தாண்டியதும் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் மாதத்து நுவரெலியாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கொழும்பின் வெப்பத்திலிருந்து தப்பி வந்தவர்கள், புத்தாண்டுப் புதுச்சட்டையோடு தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள், பூக்கண்காட்சி, கார்ப் பந்தயம், தெருவோரத்தில் மலையாகக் குவிந்த கம்பளிச் சட்டைகள், பஞ்சுமிட்டாய், ஸ்ட்ராபெரி. இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்தக் குதிரைப் பந்தய மைதானம். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே, கிரகரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்தப் பந்தயம் நம் மலைக்கு எப்படி வந்தது? 1848-இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரும் அவருடைய தம்பி ஜோனும் இங்கே ஒரு இங்கிலாந்துக் கிராமத்தையே உண்டாக்கிவிடும் எண்ணத்தோடு வந்தார்கள். மாடுகளும் வேட்டை நாய்களும் குதிரையும் கப்பலில் வந்தன. பின்னால் தோட்டத் துரைமார் பெருகினார்கள். 1873-இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் ஏரி அமைந்தது. 1875-இல் பந்தய மைதானம் அமைந்தது. கொழும்பிலும் பெரிய பந்தய மைதானம் இருந்தது. 1956-க்குப் பிறகு அங்கே குதிரைகள் ஓடவில்லை. மலையில் மட்டும் அந்த வழக்கம் தங்கிவிட்டது. 'கவர்னர்ஸ் கப்', 'குயின்ஸ் கப்' என்று அந்தக் காலத்துப் பெயர்களே இன்றும் இருக்கின்றன. துரைமார் போய்விட்டார்கள், அவர்களுடைய பொழுதுபோக்கு போகவில்லை!

வேலியோரத்தில்

உள்ளே போனதும் என் கணவர் செய்த முதல் நல்ல காரியம், மது விற்கும் பகுதிக்கும் பெரிய அலங்காரக் கூட்டத்துக்கும் எட்டாத தூரத்தில், புல்தரை வேலியோரமாக எங்களுக்கு ஓர் இடம் பிடித்ததுதான். பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம் அங்கிருந்து தெரிந்தது.

சகோதரிகளே, குதிரையை அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஐந்நூறு கிலோவுக்குக் கிட்டிய உடல். அதைத் தாங்குகிற கால்களோ நம் கைத்தடிபோல. தோலுக்கடியில் நரம்பு ஓடுவது தெரிகிறது. நம் பக்கம் ஒரு காதும் குதிரைக்காரர் பக்கம் ஒரு காதுமாகத் திருப்பி வைத்துக் கேட்கிறது. மூச்சு விடும்போது குளிரில் ஆவி எழுகிறது. என் மூத்த மகனுக்கு அப்போது 11 வயது. "உம்மா, அது என்னத்தான் பாக்குது" என்று கிசுகிசுத்தான். கொஞ்ச நேரம் அவன் மூச்சையும் காணோம், பேச்சையும் காணோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வயதான தோட்டத்து அம்மா பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் பேரனுக்கென்று கொண்டுவந்த கடலையில் பாதியை என் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். "எங்க தாத்தா தொரைக்குக் குதிரைக்காரரா இருந்தவரும்மா. ரோடே இல்லாத காலத்துல தொரைமாரு குதிரையிலதான் மலை பாக்கப் போவாங்களாம். குதிரைக்குக் கல்லுக் கட்டின லாயம், எங்களுக்கு லயம். எழுத்துல ஒரு காலுதான் கூட, வேற வித்தியாசம் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு குதிரையையே பார்த்துக்கொண்டிருந்து, "பாவம், சவுக்கால அடிச்சா அதுக்கு வலிக்குந்தானே" என்றார். அன்று அந்த மைதானத்தில் நான் கேட்ட பேச்சிலேயே மிகவும் அர்த்தமுள்ளது அதுதான்.

நமக்கும் குதிரைக்கும் என்ன?

முதல் ஓட்டம் தொடங்கக் காத்திருந்த வேளையில் மகன் கேட்டான்: "குதிரை ரேஸ் ஹராமா உம்மா?"

நம்மில் பலர் இங்கே அவசரப்பட்டு 'ஆம்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மை அதுவல்ல. குர்ஆனின் நூறாவது அத்தியாயமே 'அல்ஆதியாத்'. மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் பெயரால் அமைந்த அத்தியாயம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் தாமே குதிரை ஓட்டியிருக்கிறார்கள். புகாரியில் வரும் செய்தி இது. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நன்றாகப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஐந்தாறு மைல் தூரம். பழக்கப்படாத குதிரைகளுக்கு ஒரு மைல் அளவுதான். வாயில்லாப் பிராணியின் சக்தியை அளந்து பார்த்து வைக்கப்பட்ட பந்தயம் அது!

குடும்பத்தோடு விளையாட்டுப் பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகச் சலித்துப்போகும்வரை நபி (ஸல்) அவர்கள் பொறுமையாக நின்று பார்க்க வைத்தார்கள். மனைவியோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும் ஹதீஸில் உண்டு. வீட்டுப் பெண்களின் மகிழ்ச்சியைப் பெரிதாக மதித்த மார்க்கம் இது.

தமிழ் பேசும் நமக்கோ குதிரை இன்னும் நெருக்கம். 'இராவுத்தர்' என்ற சொல்லுக்கே குதிரைவீரர் என்றுதான் பொருள். பாண்டிய மன்னர்களுக்கு அரபு, பாரசீகக் குதிரைகளைக் கடல் வழியாகக் கொண்டுவந்தவர்கள் முஸ்லிம் வணிகர்கள். ஆண்டுதோறும் 1,400 குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கணக்கே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ ஒரு வருத்தமான செய்தியையும் சொல்கிறார்: சரியாகப் பராமரிக்கத் தெரியாததால் அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போயினவாம். பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கத் தெரிந்தவர்களுக்கு, வாங்கிய குதிரையைப் பார்க்கத் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பியின் கதைக்கும் இது பொருந்தும்.

ஆக, ஹராம் ஓட்டத்தில் இல்லை. ஓட்டத்தின்மேல் கட்டும் பணத்தில்தான் இருக்கிறது. ஓடி வென்றவருக்கு மூன்றாமவர் ஒருவர் பரிசு கொடுப்பது வேறு. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் பணத்தைக் கட்டி, ஒருவர் இழந்ததை இன்னொருவர் அள்ளுவது வேறு. பின்னையதற்குப் பெயர் சூது. நான் மகனுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி வாய் மூடவில்லை, தம்பி ஓடி வந்தான்.

ஐந்து ஐஸ்கிரீம்

"ராத்தா, ஆயிரம் ரூபா போட்டேன், மூவாயிரத்து ஐந்நூறு வந்திச்சு!"

அவன் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம். ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்து. தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்தாள். என் கணவரும் பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்.

ஆம் சகோதரிகளே, சிரித்தேன். நல்ல நாளும் பொழுதுமாகப் பிள்ளைகள் முன்னால் தம்பியைக் கடிந்துகொண்டால் பயணமே கசந்துபோகுமே என்று நினைத்தேன். ஒரு தடவைதானே என்று நினைத்தேன். இப்போதுதான் மகனிடம் சூது என்றால் என்ன என்று விளக்கினேன். அந்த விளக்கத்தை என் சிரிப்பே அழித்துவிட்டது. மகன் ஐஸ்கிரீமையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு சாப்பிட்டான். இன்றைக்கும் என் மனதை அரிப்பது தம்பி கட்டிய பணம் அல்ல, அந்தப் பார்வைதான்.

அதன் பிறகு தம்பி எங்கள் பக்கம் வரவில்லை. ஒரு ஓட்டம் முடிந்தால் பணம் கட்டும் இடத்துக்கு ஓடுவான். கட்டிவிட்டு வேலிக்கு ஓடி வருவான். அஸருக்கு நேரமானதும் என் கணவர் வேனுக்குப் பக்கத்தில் பாய் விரித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். "இந்த ஒரு ரேஸ் முடியட்டும் மச்சான்" என்று பதில் வந்தது. அந்த 'ஒரு ரேஸ்' முடியவே இல்லை. சூது தொழுகையிலிருந்தும் இறைநினைவிலிருந்தும் மனிதனைத் தடுக்கும் என்று 'அல்மாயிதா' அத்தியாயம் எச்சரிப்பதை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மாலையில் அவன் வந்தபோது முகம் வெளிறியிருந்தது. கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த 30,000 ரூபாயில் 4,000 மிஞ்சியிருந்தது. வேனில் யாரும் பேசவில்லை. தம்பி மனைவி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அவளுடைய சின்ன மகள் ஒன்றும் புரியாமல், வாப்பாவைத் தேற்றுவதாக நினைத்து, "வாப்பா, கடைசில ஓடின குதிரை என்ன நிறம்?" என்று கேட்டாள்.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "மூணாம் நம்பர்" என்றான்.

நாள் முழுவதும் வேலியோரம் நின்றவன் அவன். ஒரு குதிரையைக்கூட அவன் பார்க்கவில்லை!

மிட்டாய்க் கணக்கு

வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளைகளின் மனதில் தங்கியது இழந்த 26,000 அல்ல. வென்ற மூவாயிரத்து ஐந்நூறுதான். அடுத்த நாள் முற்றத்தில் பிள்ளைகள் 'ரேஸ்' விளையாடினார்கள். "என்ட குதிரை வந்தா நீ எனக்கு மிட்டாய் தரணும்" என்று என் மகனின் குரல். அப்போதுதான் விழித்துக்கொண்டேன். திட்டினால் மறைவில் போய் விளையாடுவார்கள். ஆகவே நானே அவர்களோடு உட்கார்ந்தேன். நீங்களும் உங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20 மிட்டாய், மொத்தம் 100. ஐந்து கடதாசிக் குதிரைகள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்தக் குதிரையின் பெயர் வருகிறதோ அதற்கு வெற்றி. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஆளுக்கு இரண்டு மிட்டாய் கட்ட வேண்டும். அதாவது தட்டில் பத்து விழும். ரேஸ் நடத்துகிறவள் நான் என்பதால் அதில் இரண்டை நான் எடுத்துக்கொள்வேன். மீதி எட்டும் வென்றவருக்கு. எட்டு மிட்டாயை மொத்தமாக அள்ளும்போது பிள்ளைக்கு எவ்வளவு மகிழ்ச்சி! நான் எடுக்கும் இரண்டை யாரும் கவனிக்கவில்லை.

பத்து ஓட்டம் முடிந்தது. எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒருவனிடம் 32, ஒருத்தியிடம் 24, மற்றவர்களிடம் 16, 8, ஒன்றுமில்லை. என் மடியில் 20. "உம்மாவுக்குக் குதிரையும் இல்ல, உம்மா ஒண்டும் கட்டவும் இல்ல, எப்படி இருபது?" என்று மகன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "இன்னும் பத்து ஓட்டம் ஓடினால் என்னிடம் நாற்பது. உங்கள் ஐந்து பேரிடமும் சேர்த்தே அறுபதுதான். யார் வென்றாலும் தட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் நட்டமில்லை" என்றேன். 32 வைத்திருந்தவன், ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவனுடைய 32-இல் அவளுடைய மிட்டாயும் இருக்கிறது என்பது அவனுக்கு அப்போது புரிந்தது.

பிறகு எல்லா மிட்டாயையும் கலந்து சமமாகப் பங்கிட்டோம். பெரிய பிரசங்கம் எதுவும் நான் செய்யவில்லை.

வேலிக்கு வெளியே

சீசன் பந்தயம் வருடத்தில் சில நாட்கள்தாம். ஆனால் நம் நகரங்களில் வருடம் முழுவதும் திறந்திருக்கும் 'புக்கி' கடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதியில் நின்றுவிடும். எங்கோ இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கே பணம் கட்டுகிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டியைத் தவிர அங்கே குதிரையே கிடையாது! தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021-இல்தான் போராட்டங்களுக்குப் பிறகு 1,000 ரூபாய்க்கு வந்தது. 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அட்டைக் கடியிலும் மழையிலும் கொழுந்து பறித்து ஒரு நாள் முழுக்கச் சம்பாதித்தது, ஒரு துண்டுக் கடதாசியில் சில நிமிடங்களில் கரைகிறது. தொழிலாளிதான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடைகளில் நம் வியாபாரிகளையும் நம் வாலிபர்களையும் பார்க்கலாம். என் தம்பியும் வியாபாரிதானே! இப்போது கைப்பேசிக்குள்ளேயே கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டும் வலையும் வந்துவிட்டது. படுக்கையறைக்குள் போர்வைக்கு அடியில் மகன் என்ன பார்க்கிறான் என்று நமக்குத் தெரியுமா?

"அரசாங்கமே அனுமதித்திருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். பந்தயத் தொழிலுக்கு வரி விதிக்க 1988-இல் இலங்கையில் 40-ஆம் இலக்கச் சட்டமே வந்தது. நம்மைப் போலவே மலையும் தேயிலையும் குளிரும் உள்ள உதகமண்டலத்திலும் கோடைக்காலக் குதிரைப் பந்தயம் நடந்து வந்தது. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதியின் அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே, சூதாட்டமல்ல என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. 2024-இல் உதகைப் பந்தய மைதான நிலத்தைத் தமிழ்நாடு அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. சட்டம் இப்படியும் சொல்லும், அப்படியும் சொல்லும். குதிரையின் ஓட்டத்தில் திறமை உண்டு, ஓட்டுகிறவரிடமும் திறமை உண்டு. நீதிமன்றம் சொன்னதில் தவறு காண நான் யார்? ஆனால் தம்பியின் 26,000 ரூபாயில் என்ன திறமை இருந்தது? அவனுக்குக் குதிரையின் நிறம்கூடத் தெரியவில்லையே!

வாயில்லாப் பிராணியின் பங்கு

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்து அம்மா சொன்னது சரி: குதிரைக்கு வலிக்கும். கிரகரி ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் மட்டக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். கவனிப்பாரின்றி விடப்பட்ட குதிரைகள் தெருவோரம் குப்பை கிளறுவதையும் நுவரெலியாக்காரர்கள் கண்டிருப்பார்கள். பிள்ளையை ஏற்றுவதற்கு முன் அந்தப் பிராணியை ஒரு தடவை பாருங்கள். முதுகில் புண் இருக்கிறதா? விலா எலும்பு தெரிகிறதா? இருந்தால் ஏற்றாதீர்கள், ஏன் ஏற்றவில்லை என்று குதிரைக்காரரிடம் நயமாகச் சொல்லுங்கள். பசியாலும் வேலைப் பளுவாலும் வாடிய ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதும், அவர்கள் அதன் தலையைத் தடவிக் கொடுத்து, உரிமையாளரை அழைத்துக் கண்டித்ததும் அபூதாவூதில் உள்ள செய்தி. நம் பிள்ளைகள் குதிரையின் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் கண்ணையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் போகலாமா?

போகலாம் என்பதுதான் என் பதில், சகோதரிகளே. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஆண்களோ பெண்களோ, யாரும் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு வாகனத்தில் ஏறுங்கள். அங்கே போனபின் சொன்னால் சண்டை வரும்; என்னைப் போல் சிரித்து மழுப்பவும் நேரும். பிள்ளைகள் ஆளுக்கொரு குதிரையைத் தேர்ந்து கூவி உற்சாகப்படுத்தட்டும், அதில் தவறில்லை. "தோற்றவர் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும்" என்று சொன்னால் மட்டும் உடனே நிறுத்துங்கள். ஐஸ்கிரீமை வாப்பாவே எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கட்டும். தொழுகை நேரத்தையும் தொழும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மது விற்கும் பகுதிக்கு எட்டி இருங்கள். திரும்பி வந்ததும், பார்த்த குதிரையை வரையச் சொல்லுங்கள். கண் எதைப் பார்த்தது என்பதைக் கை சொல்லிவிடும்.

என் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த மாதம் அவன் மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. திருப்பி எடுக்க ஒன்பது மாதம் ஆனது. இடையில் ஒருநாள் 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று புக்கி கடைப் படிவரை போய்த் திரும்பி வந்ததாக அவனே என்னிடம் சொன்னான். "படியில ஏறக்குள்ள மகள் கேட்டது ஞாபகம் வந்திச்சு ராத்தா" என்றான். நான் அவனிடம் என் சிரிப்புக்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை.

அடுத்த சித்திரையில் மீண்டும் எல்லோரும் போனோம். அவனும் வந்தான். சட்டைப் பையில் வேனுக்கு டீசல் போடும் காசு மட்டும். மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே வேலியோரத்தில் நின்றான். திரும்பும் வழியில், நானுஓயா வளைவில், அவள் பழையபடி கேட்டாள்: "வாப்பா, மொதல்ல வந்த குதிரை என்ன நிறம்?"

"கபில நிறம்" என்றான் தம்பி. "நெத்தியில வெள்ளப் பொட்டு. பின்னங்கால் ரெண்டும் வெள்ள. ஓடி முடிச்ச பிறகு ஒரு காதைத் திருப்பி எங்களைப் பாத்திச்சே, கண்டியா?"

அவளும் கண்டிருந்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு சோதனை நடந்திருந்தால், அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். மற்ற வீடுகளுக்கு அது வெளிச்சமாக இருக்கும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.